கண்ணாடி போட்டுக்கொண்ட தொலைநோக்கி!

உங்கள் வகுப்பில் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் எத்தனை பேர்? நாலைந்து பேராவது இருப்பார்கள். கரும்பலகையில் எழுதியது மங்கலாகத் தெரிந்தால் கண் டாக்டரிடம் போகிறோம். அவர் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொல்கிறார். கண்ணில் எவ்வளவு குறை என்று அளக்கிறார். அந்தக் குறைக்கு ஏற்ற கண்ணாடியை எழுதித் தருகிறார். போட்டதும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது!

மனிதர்கள் கண்ணாடி போடுவது சரி. ஒரு தொலைநோக்கி கண்ணாடி போட்டுக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியுமா? அதுவும் தரையில் அல்ல. பூமிக்கு மேலே சுமார் 600 கி.மீ. உயரத்தில்! அந்தத் தொலைநோக்கியின் பெயர் ஹப்பிள். கண்ணாடி போட்ட ஆண்டு 1993. அதற்கு ஏன் பார்வை மங்கியது, யார் வைத்தியம் பார்த்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

வானத்தில் எதற்குத் தொலைநோக்கி?

தெளிந்த நீர் நிறைந்த தொட்டியில் ஒரு நாணயத்தைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் அசையும்போது நாணயமும் நெளிவதுபோல் தெரியும். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றும் அப்படித்தான். அது எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் நட்சத்திரங்கள் மின்னுகின்றன. நமக்கு அது அழகு. விண்வெளி ஆராய்ச்சியாளர்களுக்கோ தலைவலி! எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும், காற்றின் அசைவு படத்தைக் கலைத்துவிடும்.

காற்றுக்கு மேலே போய்ப் பார்த்தால்? அமெரிக்காவின் 'நாசா' அமைப்பு, ஐரோப்பிய விண்வெளி அமைப்புடன் சேர்ந்து அதைத்தான் செய்தது. பேரண்டம் விரிந்துகொண்டே போகிறது என்பதற்குச் சான்று தந்த எட்வின் ஹப்பிள் என்ற விஞ்ஞானியின் பெயரைத் தொலைநோக்கிக்கு வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு பேருந்தின் நீளம், 11 டன் எடை. 1990 ஏப்ரல் 24 அன்று 'டிஸ்கவரி' என்ற விண்வெளி ஓடம் அதைச் சுமந்துகொண்டு கிளம்பியது. மறுநாள் விண்வெளியில் மிதக்கவிட்டது. சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவர ஆரம்பித்தது ஹப்பிள்.

ஆடிதான் அதன் கண்

தொலைநோக்கி என்றதும் நீளமான குழாயும் இரண்டு பக்கமும் லென்சும்தான் நினைவுக்கு வரும். ஆனால், பெரிய தொலைநோக்கிகளில் லென்சுக்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடிதான் இருக்கும். பாடப் புத்தகத்தில் அதை 'ஆடி' என்று படித்திருப்பீர்கள். மூக்குக்கண்ணாடியோடு குழப்பம் வராமலிருக்க நாமும் ஆடி என்றே சொல்வோம்.

லென்சில் ஒளி உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும். அதனால் அதை ஓரத்தில் மட்டும்தான் பிடித்து நிறுத்த முடியும். மிகப் பெரிய லென்ஸ் தன் எடையாலேயே வளைந்துபோகும். ஆடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒளி முன்பக்கத்தில் பட்டுத் திரும்பிவிடுவதால், பின்பக்கம் முழுவதும் முட்டுக் கொடுக்கலாம்.

ஹப்பிளின் முக்கிய ஆடி 2.4 மீட்டர் அகலம். நம் ஜவ்வாது மலையில், காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியும் கிட்டத்தட்ட இதே அளவுதான், 2.34 மீட்டர்! ஹப்பிளுக்குள் நுழையும் ஒளி முதலில் இந்தப் பெரிய ஆடியில் படும். அது திருப்பி அனுப்பும் ஒளி, எதிரே இருக்கும் 30 செ.மீ. அகலமுள்ள சின்ன ஆடியில் படும். சின்ன ஆடி அதை மறுபடி திருப்பும். பெரிய ஆடியின் நடுவில் இருக்கும் ஓட்டை வழியாக ஒளி பின்பக்கம் சென்று கேமராவில் சேரும்.

வளையல் வைத்து ஒரு சோதனை

ஆடி குழிவாக இருந்தால் ஒளியைக் குவிக்கும். சரி, எப்படிக் குழிந்திருந்தாலும் போதுமா? போதாது! வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

உள்பக்கம் பளபளப்பான உலோக வளையல் ஒன்றை வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். அறையை இருட்டாக்கி, சற்றுத் தள்ளி நின்று டார்ச் விளக்கைச் சாய்வாக அடியுங்கள். (சூரிய ஒளியை வைத்துச் செய்ய வேண்டாம், அது கண்ணில் பட்டால் ஆபத்து.) வளையலுக்குள் ஒரு புள்ளி தெரிகிறதா? இல்லை. இரண்டு வளைந்த கோடுகள் ஒரு கூர்முனையில் சேர்வதுபோல ஒரு வெளிச்சக் கோலம் தெரியும். பால் ஊற்றிய எவர்சில்வர் டம்ளருக்குள்ளும் சில நேரம் இதைப் பார்க்கலாம்.

ஏன் ஒரே புள்ளியாகத் தெரியவில்லை? வளையல் சரியான வட்டம். வட்டத்தின் நடுப்பகுதியில் பட்ட கதிர்கள் ஓரிடத்தில் சேர்கின்றன. ஓரத்தில் பட்ட கதிர்கள் வேறிடத்தில், வளையலுக்குக் கிட்டத்திலேயே வெட்டிக்கொள்கின்றன. எல்லாக் கதிர்களும் ஓரிடத்தில் சேராவிட்டால் படம் கலங்கிவிடும். இந்தக் குறைக்குக் 'கோளப் பிறழ்ச்சி' என்று பெயர்.

இதற்கு வழி? ஓரத்துக்குப் போகப்போக ஆடியின் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்க வேண்டும். எவ்வளவு தட்டை என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால், அதை ஒரு பெரிய கண்ணாடிப் பாளத்தில் அப்படியே கொண்டுவருவதுதான் கடினம். ஒளிப் பொறியியல் என்ற படிப்பில் இதையும் கற்றுத்தருகிறார்கள்.

ஒளியால் ஒளிக்கு அளவு

ஹப்பிளின் ஆடியைத் தேய்த்து மெருகேற்றிய இடம், அமெரிக்காவின் டான்பரி நகரிலிருந்த பெர்க்கின் எல்மர் நிறுவனம். 1979-இல் தொடங்கி 1981-இல் மெருகேற்றும் வேலை முடிந்தது. கொஞ்சம் தேய்ப்பார்கள், அளப்பார்கள். மறுபடி கொஞ்சம் தேய்ப்பார்கள், மறுபடி அளப்பார்கள்.

எதைக் கொண்டு அளப்பது? ஸ்கேல் வைத்தா? ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால் ஒரு பங்குக்கு 'மைக்ரான்' என்று பெயர். இந்த வேலையில் அந்த மைக்ரானையும் பல பங்காக்கி அளக்க வேண்டும். அவ்வளவு நுணுக்கமாக அளக்க ஒளியால்தான் முடியும்.

ஆடிக்கு மேலே ஒரு சோதனைக் கருவியைத் தொங்கவிட்டார்கள். அதற்குள் இரண்டு சிறிய ஆடிகளும் ஒரு லென்சும் உண்டு. அதன் வழியாக லேசர் ஒளியைப் பெரிய ஆடியின் மேல் அடிப்பார்கள். போன ஒளியும் திரும்பி வந்த ஒளியும் சேரும்போது கறுப்பும் வெளிச்சமுமாக வரிகள் தோன்றும். சோப்புக் குமிழியில் வண்ண வரிகள் தெரிகின்றன அல்லவா, அந்த மாதிரி. ஆடியின் வளைவு சரியாக இருந்தால் வரிகள் நேராக இருக்கும். எங்காவது மேடு பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் வரி நெளியும். அங்கே மட்டும் கொஞ்சம் தேய்ப்பார்கள்.

கடைசியில் வரிகள் எல்லாம் கோடு போட்டதுபோல் நேராகிவிட்டன. உலகத்திலேயே இவ்வளவு வழவழப்பான பெரிய ஆடி இல்லை என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். அதன்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சும் பூசிவிட்டார்கள்.

மங்கிப்போன பார்வை

1990 மே 20 அன்று ஹப்பிள் முதல் படத்தை அனுப்பியது. தரையிலிருந்து எடுத்த படங்களைவிட அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால், எதிர்பார்த்த கூர்மை இல்லை. ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் நூற்றுக்கு 70 பங்கு நடுவிலுள்ள சின்னஞ்சிறு வட்டத்துக்குள் சேர வேண்டும். சேர்ந்ததோ சுமார் 15 பங்குதான்! மீதி ஒளி சுற்றிலும் பனிமூட்டம் மாதிரி பரவிக் கிடந்தது. பொறியாளர்கள் சின்ன ஆடியை முன்னே நகர்த்தினார்கள், பின்னே நகர்த்தினார்கள். எங்கே வைத்தாலும் படம் தெளியவில்லை.

ஜூன் 27 அன்று நாசா உலகத்துக்கு உண்மையைச் சொன்னது: ஹப்பிளின் ஆடி தவறான வளைவில் செய்யப்பட்டிருக்கிறது!

எவ்வளவு தவறு தெரியுமா? ஓரத்தில் 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. உங்கள் தலைமுடி ஒன்றை நெடுக்குவாட்டில் 50 கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்றின் தடிமன் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான்! ஆனால் ஒளியின் கணக்கில் அது பெரிய பிழை. வளையல் சோதனையில் ஓரக் கதிர்கள் கிட்டத்திலேயே சேர்ந்தன அல்லவா? ஹப்பிளில் அதற்கு நேர்மாறு. ஓரக் கதிர்கள் தள்ளிப்போய்ச் சேர்ந்தன.

ஹப்பிளுக்கு அதுவரை சுமார் 150 கோடி டாலர் செலவாகியிருந்தது. பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டுச் சிரித்தன. ஆண்டுக்கணக்கில் உழைத்த விஞ்ஞானிகள் துவண்டுபோனார்கள்.

1.3 மில்லிமீட்டர் மர்மம்

தவறு எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க லூ ஆலன் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவினர் டான்பரிக்குப் போனார்கள். நல்லவேளை! அந்தப் பழைய சோதனைக் கருவி பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதை அளந்து பார்த்தார்கள். உள்ளே இருந்த லென்ஸ், இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது!

ஒரு தையற்காரரின் டேப்பில் முதல் ஒரு அங்குலம் அறுந்துபோயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எவ்வளவு கவனமாக வெட்டித் தைத்தாலும் சட்டை பொருந்துமா? ஹப்பிளில் நடந்ததும் அதுதான். ஆடியைத் தேய்த்தவர்கள் அற்புதமாகத் தேய்த்தார்கள். அவர்கள் நம்பிய அளவுகோல்தான் தவறு.

லென்ஸ் எப்படித் தள்ளிப்போனது? அதன் இடத்தைக் குறிக்க, துல்லியமாக வெட்டிய ஓர் உலோகக் கோலை வைத்து அளந்தார்கள். கோலின் முனையில் ஒளிபட்டுத் திரும்ப வேண்டும். முனைக்கு ஒரு மூடி. மூடியில் சிறு துளை. துளை வழியாக ஒளி போய்க் கோலைத் தொட வேண்டும். மூடியில் பட்டு ஒளி திரும்பிவிடக் கூடாது என்று பளபளப்பில்லாத பூச்சும் பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. ஒளி அங்கே பட்டுத் திரும்பிவிட்டது. கோலின் முனை என்று நினைத்து மூடியின் மேற்புறத்தை அளந்துவிட்டார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 1.3 மில்லிமீட்டர்!

அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால், லென்சை அந்த இடத்துக்குக் கொண்டுவரக் கருவியில் இடமே போதவில்லை. நட்டு போல்ட்டுக்குப் போடும் சாதாரண வாஷர்களைச் செருகித்தான் பொருத்தினார்கள்.

அது மட்டுமல்ல. ஆடியை வேறு இரண்டு சோதனைகளாலும் பார்த்தார்கள். இரண்டுமே "ஏதோ தவறு இருக்கிறது" என்று காட்டின! "இவை அவ்வளவு துல்லியமான கருவிகள் அல்ல. புதிய கருவி சொல்வதே சரி" என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். நாளும் நெருங்கியது, பணமும் கரைந்தது. முழுத் தொலைநோக்கியையும் ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்காமலே மேலே அனுப்பிவிட்டார்கள்.

வைத்தியம் எப்படி?

வானத்தில் வைத்தே ஆடியைக் கழற்றி மாற்ற முடியாது. கோடக் நிறுவனம் செய்த மாற்று ஆடி ஒன்று பூமியில் சும்மா கிடந்தும் பயனில்லை. தொலைநோக்கியைக் கீழே கொண்டுவந்து பழுதுபார்க்கப் பெருஞ்செலவு ஆகும்.

ஆனால், ஒரு நல்ல செய்தி இருந்தது. பிழை எவ்வளவு என்பது மிகத் துல்லியமாகத் தெரிந்துவிட்டது! பெரிய ஆடி எந்த அளவுக்குத் தப்பாக வளைந்திருக்கிறதோ, அதே அளவுக்கு நேர் எதிராகத் தப்பாக வளைந்த சின்ன ஆடி ஒன்றை ஒளியின் பாதையில் வைத்தால்? கூட்டலில் +5-உடன் -5 சேர்ந்தால் பூஜ்யம் அல்லவா! கண் டாக்டர் செய்வதும் இதேதான். கண்ணின் குறையை அளக்கிறார். அதற்கு எதிரான குறையைக் கண்ணாடியில் வைக்கிறார்.

ஹப்பிளின் முக்கியக் கேமராவுக்குப் பதிலாகப் புதிய கேமரா ஒன்று வரவிருந்தது. அதற்குள்ளேயே திருத்தும் ஆடிகளை வைத்துவிட்டார்கள். மற்ற மூன்று கருவிகளுக்கு? ஜேம்ஸ் குரோக்கர் என்ற பொறியாளர் ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் குளித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த ஷவர், ஒரு கம்பியில் மேலும் கீழும் நகரும்படி இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. 'இதே மாதிரி நீட்டி மடக்கும் கைகளில் சின்ன ஆடிகளைப் பொருத்தினால் என்ன?'

அப்படிப் பிறந்த கருவியின் பெயர் 'காஸ்டார்'. பொதுத் தொலைபேசிக் கூண்டு அளவுள்ள பெட்டி. உள்ளே நாணய அளவில் 10 ஆடிகள். ஹப்பிளில் இருந்த ஒரு கருவியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பதாகத் திட்டம்.

விண்வெளியில் ஒரு பழுதுபார்ப்பு

1993 டிசம்பர் 2 அன்று 'எண்டெவர்' ஓடத்தில் ஏழு பேர் கிளம்பினார்கள். அதற்கு முன் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கி, மிதந்துகொண்டே வேலை செய்யப் பல மாதங்கள் பழகியிருந்தார்கள்.

விண்ணோடத்தின் இயந்திரக் கையால் ஹப்பிளைப் பிடித்து நிறுத்தினார்கள். நான்கு வீரர்கள் இரண்டிரண்டு பேராக மாறி மாறி வெளியே வந்தார்கள். ஐந்து விண்நடை, மொத்தம் 35 மணி நேரத்துக்கும் மேல்! புதிய கேமராவை ஸ்டோரி மஸ்கிரேவும் ஜெஃப்ரி ஹாஃப்மனும் பொருத்தினார்கள். காஸ்டார் பெட்டியைக் கேத்ரின் தார்ன்டன், தாமஸ் ஏக்கர்ஸ் இருவரும் உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். தடித்த கையுறை போட்ட கையால் சின்னச் சின்னத் திருகாணிகளைத் திருக வேண்டும். ஒன்று கைநழுவினாலும் ஆபத்து!

டிசம்பர் 18 அன்று திருத்திய கேமராவின் முதல் படம் வந்தது. நட்சத்திரங்கள் கூர்மையான புள்ளிகளாகத் தெரிந்தன. ஆராய்ச்சியாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். சுமார் ஐந்தரைக் கோடி ஒளி ஆண்டுத் தொலைவில் உள்ள 'எம்100' என்ற விண்மீன் கூட்டத்தின் சுருள் கைகள் பளிச்சென்று தெரிந்தன. 1994 ஜனவரி 13 அன்று பழைய மங்கல் படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து உலகுக்குக் காட்டினார்கள்.

அதே 1994 ஜூலையில் ஒரு வால்நட்சத்திரத்தின் துண்டுகள் வியாழன் கோளில் போய் மோதியபோது, அந்தக் காயங்களை ஹப்பிள் படம் பிடித்தது. 1995 டிசம்பரில் சப்தரிஷி மண்டலத்தின் பக்கம், ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்த ஒரு துளி இடத்தைப் பத்து நாள் உற்றுப் பார்த்தது. அந்தத் துளிக்குள் சுமார் 3,000 விண்மீன் கூட்டங்கள் இருந்தன! பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று சொல்கிறோமே, அந்தக் கணக்குக்கும் ஹப்பிளின் அளவீடுகள் உதவின.

பிற்பாடு வந்த கருவிகள் எல்லாம் தங்களுக்குள்ளேயே திருத்தும் ஆடிகளுடன் வந்தன. காஸ்டாருக்கு வேலை இல்லாமல் போனது. 2009-இல் அதைக் கழற்றி பூமிக்குக் கொண்டுவந்து, வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். பெரிய ஆடியை மட்டும் யாரும் மாற்றவில்லை. இன்னும் அது 2.2 மைக்ரான் தவறோடுதான் இருக்கிறது. அந்தத் தவறோடுதான் 2025 ஏப்ரலில் 35 ஆண்டுகளை முடித்தது ஹப்பிள்!

2021 டிசம்பர் 25 அன்று விண்ணுக்குப் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை மறுபடி அப்படி அனுப்பவில்லை. ஆடிகளையும் கருவிகளையும் ஒன்றாகப் பொருத்தி, 2017-இல் ஹூஸ்டன் நகரில் ஒரு பெரிய குளிர் அறைக்குள் வைத்துச் சுமார் 100 நாள் சோதித்தார்கள். ஹப்பிளில் கற்ற பாடம் அது.

நீங்களும் அளந்து பாருங்கள்

இன்று ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கு ஒரு ஸ்கேலால் ஒரே மேசையின் நீளத்தை அளவுங்கள். மூன்று விடையும் ஒன்றாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால், "உன் ஸ்கேல் மட்டம்" என்று கேலி செய்து விட்டுவிடாதீர்கள். ஏன் வேறாக வந்தது என்று தேடுங்கள். ஒருவேளை நுனி தேய்ந்த ஸ்கேலாக இருக்கலாம். பூஜ்யத்திலிருந்து அளக்காமல் ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளந்திருக்கலாம். யார் கண்டது? மற்ற இரண்டும் தவறாகி, அந்த ஒன்றே சரியாகவும் இருக்கலாம்!

தவறு கிடைத்ததும், அது எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அளவு தெரிந்த தவறைத் திருத்திவிடலாம், குழந்தைகளே!